பெயர் தைத்த துணி

சாம்ப்ளர் எனப்படும் மாதிரித் துணி, ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்ட ஒருத்தியின் பயிற்சித் துணி. ஒரு முழ நீளமோ அதற்குக் கூடக்குறையவோ உள்ள லினன் துணியில், தெரிந்துகொண்ட தையல்களை ஒன்றன்கீழ் ஒன்றாகவோ இடம் கிடைத்த மூலையிலோ போட்டுப் பார்த்திருப்பாள். அகரவரிசை, எண்கள், பூக்கொடி, மான், மயில், ஒரு வீடு, ஓர் அறவுரை. பல துணிகளில் கடைசி வரியாகத் தைத்தவளின் பெயர், வயது, முடித்த ஆண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 16 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை இந்த வழக்கம் செழித்திருந்தது. உடுக்கவும் விரிக்கவும் பயன்படாத துணி என்பதால் தோய்த்துத் தோய்த்து நைந்துபோகாமல் பெட்டியடியில் தங்கிவிட்டது. அதே கைகள் தைத்த சட்டைகளும் விரிப்புகளும் மறைந்த பிறகு, அந்தப் பெண்கள் வாழ்ந்ததற்குச் சாட்சியாகப் பல வீடுகளில் இது ஒன்றே மிஞ்சியது.

இந்த வழக்கம் தமிழ் மண்ணுக்கு வந்த பாதை எழும்பூர், யாழ்ப்பாணம், நாகர்கோவில் எனச் சுற்றி வேலூர், ஆம்பூர் வட்டாரத்தையும் தொடுகிறது. பாலாற்றங்கரையில் அமைந்த இந்தத் தோல் வட்டாரத்தில் இன்று ஊசி துணியிலும் ஓடுகிறது, தோலிலும் ஓடுகிறது.

கிடைத்துள்ள பழைய மாதிரித் துணிகளில் எகிப்தைச் சேர்ந்தவை முக்கியமானவை. 1250 முதல் 1517 வரை மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்தில், லினன் துண்டுகளில் பட்டு நூலால் கட்டம்கட்டமாகப் போட்ட கோலங்கள் அவற்றில் உள்ளன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சிதறிக் கிடக்கும் அந்த வடிவங்களைப் பார்த்தாலே அவை அலங்காரத்துக்காகப் போட்டவை அல்ல, நினைவுக்காகப் போட்டவை என்பது விளங்கும். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் நியூபெரி தொகுப்பு என்ற பெயரில் இத்தகைய எகிப்தியப் பூத்தையல் துணிகள் உள்ளன. அதே தொகுப்பில், கடல் கடந்து எகிப்துக்குப் போன குஜராத் அச்சுத் துணிகளும் இருக்கின்றன. சரக்கு போன வழியில் கோலங்களும் போயிருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது.

இங்கிலாந்தில் 1502-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து அரண்மனைக் கணக்கில், ஏழாம் ஹென்றியின் மனைவியான அரசி எலிசபெத் மாதிரித் துணி தைப்பதற்காக வாங்கிய லினனுக்கு 8 பென்ஸ் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. அரசியே தைத்தார் என்றால் அது சிறுமிகளுக்கான பாடமாக அப்போது இருக்கவில்லை. வடிவப் புத்தகங்கள் அச்சில் வராத காலத்தில், பார்த்த நல்ல கோலத்தை உடனே ஒரு துண்டில் தைத்து வைத்துக்கொண்டால்தான் அடுத்த முறை எடுத்தாள முடியும். தமிழ்நாட்டுப் பெண்கள் மார்கழிக்கு முன்பே புள்ளி எண்ணி வரைந்து சேர்த்து, கல்யாணமாகிப் போகும்போது கையோடு எடுத்துச் சென்ற கோல நோட்டுதான் இதற்கு மிக நெருங்கிய உறவு. இரண்டிலும் வேலை ஒன்றே: கட்டத்தை எண்ணு, வடிவத்தை மறக்காதே, கேட்பவளுக்குக் காட்டு.

1520-களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அச்சான வடிவப் புத்தகங்கள் வெளிவந்தன. வெனிஸும் பாரிஸும் பின்தொடர்ந்தன. 1587-இல் பாரிஸில் வெளியான வின்சியோலோவின் புத்தகம் திரும்பத் திரும்ப அச்சாயிற்று. வடிவங்களைச் சேர்த்துவைக்கும் வேலையைப் புத்தகம் எடுத்துக்கொண்டதால் துணி வேறு வேலை தேடியது. அந்தத் திருப்பத்தில் நிற்கிறது ஜேன் போஸ்டாக் என்ற பெண் 1598-இல் முடித்த துணி. ஆண்டு குறிக்கப்பட்ட பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் பழையது இது; லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேற்பகுதியில் நாய், மான், ஒரு குழந்தை பிறந்த செய்தி. கீழே வரிசையாகக் கோலங்கள். அகரவரிசையும் உண்டு. அந்தக் காலத்தில் ஐ-யும் ஜே-யும் ஒரே எழுத்தாகவும், யூ-வும் வி-யும் ஒரே எழுத்தாகவும் கருதப்பட்டதால் பழைய மாதிரித் துணிகளில் அகரவரிசை 26-ஐ எட்டுவதில்லை. தேதியில்லாத துணியின் காலத்தைக் கணிக்க இன்றும் இது உதவுகிறது.

17-ஆம் நூற்றாண்டில் துணி ஒல்லியாகி நீண்டது. ஒரு சாண் அகலம், ஒரு கஜத்தை நெருங்கும் நீளம். பட்டை பட்டையாகக் கொடிகளும் பூக்களும், அடியில் இழையை அறுத்து வலைபோல் பின்னும் வெள்ளை வேலை. நிறையக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, சின்ன வயதிலேயே. மார்த்தா எட்லின் என்ற சிறுமி 1668-இல் எட்டு வயதில் வண்ணத் துணியையும், மறு ஆண்டு வெள்ளை வேலைத் துணியையும் முடித்தாள். 1671-இல் பதினொரு வயதில் பூத்தையல் மூடிய ஒரு பெட்டியும், 1673-இல் மணி கோத்த நகைப் பெட்டியும் செய்தாள். அவள் குடும்பம் தலைமுறைகளாகப் பாதுகாத்ததால் ஒரே கையின் ஐந்தாண்டு வளர்ச்சியைப் பார்க்க முடிகிறது. பள்ளி ஏட்டிலோ அரசுப் பதிவிலோ இவ்வளவு துல்லியமாக ஒரு சிறுமியின் கல்வியைக் காட்டும் சான்று அந்த நூற்றாண்டில் அபூர்வம்.

18-ஆம் நூற்றாண்டில் வடிவம் சதுரமாயிற்று. ஓரத்தில் கொடி, நடுவில் எழுத்துகளும் அறவுரையும், கீழே வீடும் மரங்களும். சுவரில் சட்டமிட்டு மாட்டும் பழக்கம் வந்தது. சில பள்ளிகளில் இங்கிலாந்தின் வரைபடத்தையே தைக்கச் சொன்னார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் வெஸ்ட்டவுன் பள்ளி மாணவிகள் பட்டுத் துணியில் அட்சரேகை, தீர்க்கரேகை தைத்து, உள்ளே அடைத்து, உலக உருண்டையே செய்தார்கள். ஆனால் ஏழைச் சிறுமிகளுக்குக் கிடைத்த பாடம் வேறு. அவர்கள் கற்றது எழுத்துக் குறியிடும் தையல்.

பெரிய வீடுகளில் போர்வை, துண்டு, தலையணை உறை எல்லாம் டஜன் கணக்கில் இருந்தன. வெளுக்கப் போட்டது திரும்பி வந்ததா என்று பார்க்க ஒவ்வொன்றின் மூலையிலும் வீட்டுக்காரரின் பெயரெழுத்தையும் எண்ணையும் சிவப்பு நூலில் குறுக்குத் தையலாகப் போட வேண்டும். அந்த வேலை தெரிந்த பெண்ணுக்கு வேலைக்காரியாக இடம் கிடைக்கும். ஆகவே அநாதை விடுதிகளிலும் தரும பள்ளிகளிலும் விதவிதமான அகரவரிசைகளைத் தைத்துப் பழகினார்கள். பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் நடத்திய விடுதியின் சிறுமிகள் ஒரே சிவப்பு நூலில், மிக நுண்ணிய தையலில், ஒரே துணியில் பத்துப் பதினைந்து அகரவரிசைகளை நிரப்பியிருக்கிறார்கள். அலங்காரத்துக்கு அங்கே இடமே இல்லை. அது அவர்கள் கையில் இருந்த வேலைச் சான்றிதழ்.

தமிழ்நாட்டில் இதே தேவையை வண்ணார் சேராங்கொட்டைச் சாற்றால் தீர்த்தார்கள். துணியின் ஓரத்தில் வைக்கும் ஒரு புள்ளி, ஒரு கோடு, எத்தனை வெள்ளாவியிலும் போகாது. எந்தக் குறி எந்த வீடு என்பது அவர்களுக்கு மனப்பாடம். வெளுத்தாலும் போகாத சிவப்பு நூலுக்கும் இந்தப் பக்கத்தோடு உறவு உண்டு. பருத்தியில் சிவப்பை நிலையாக ஏற்றும் வித்தை ஐரோப்பாவுக்கு 18-ஆம் நூற்றாண்டில்தான் சரியாகப் பிடிபட்டது. சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே கடுக்காயில் துணியைப் பதப்படுத்தி, படிகாரம் ஏற்றி, சாயவேரில் தோய்த்துப் போகாத சிவப்பை எடுத்துவந்தார்கள். அந்தக் கடுக்காயே ஆவாரம்பட்டையோடு சேர்ந்து ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தொட்டிகளில் தோலையும் பதப்படுத்தியது. துவர்ப்புச் சத்து பருத்தியில் சாயத்தைப் பிடித்துவைக்கிறது. தோலில் அழுகலைத் தடுக்கிறது.

சென்னைக்கும் மாதிரித் துணிக்கும் நேரடித் தொடர்பு ஏற்பட்டது பள்ளிகள் வழியாக. 1787-இல் சென்னையில் ஆளுநரின் மனைவி லேடி கேம்ப்பெல் முயற்சியில் சிப்பாய்களின் அநாதைப் பெண்களுக்கு விடுதி தொடங்கியது. 1789-இல் எழும்பூரில் ஆண் பிள்ளைகளின் விடுதியை ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் ஏற்றார். பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். ஆசிரியர்கள் போதவில்லை. இங்குள்ள பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்த பெல், அதைத் தன் விடுதிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை ஒரு முறையாகவே வகுத்தார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்த எவருக்கும் இது புதிதாகத் தெரியாது. 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பிரிட்டன் முழுவதும் பரவியது. அதையொட்டிய முறையை ஜோசஃப் லங்காஸ்டரும் வளர்த்தார்.

நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை மிகக் குறைந்த செலவில் ஒரே கூடத்தில் படிக்கவைத்த அந்தப் பள்ளிகளில் பெண்களின் நாள் பாதி தையலிலேயே கழிந்தது. தையலையும் அரிச்சுவடிபோல் படிப்படியாகப் பிரித்தார்கள். முதலில் ஓரம் மடித்தல், அடுத்து ஓட்டுத் தையல், பிறகு இரண்டு துண்டு இணைத்தல், காஜா, கிழிசலுக்கு இழை ஓட்டுதல், ஒட்டுப் போடுதல், கடைசியாக எழுத்துக் குறி. லங்காஸ்டர் வழிவந்த சங்கத்தின் கையேடுகளிலும், 1811-இல் டப்ளினில் தோன்றிய கில்டேர் பிளேஸ் சங்கத்தின் ஏடுகளிலும் ஒவ்வொரு படிக்கும் சிறுமிகள் தைத்த சின்னஞ்சிறு துண்டுகளைப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் சட்டை, விரலளவு காலுறை எல்லாம் அதில் உண்டு. சுவரில் மாட்டிய துணி இவ்வாறு ஏட்டுக்குள் புகுந்தது. மணலில் எழுதிய தமிழ்ப் பிள்ளைகளின் வழக்கம் ஊசிப் பாடத்துக்கு ஒழுங்கு தந்து, அரை நூற்றாண்டுக்குள் பாதிரிமார் மனைவிகளின் பெட்டிகளில் தமிழ் ஊர்களுக்கே திரும்பி வந்தது என்பது கல்வி வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

இந்தப் பயிற்சியின் கடுமையும், அதற்குள்ளிருந்து எழுந்த குரலும் ஒரே துணியில் சந்திக்கும் இடம் எலிசபெத் பார்க்கரின் துணி. 1813-இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் பிறந்தவள், தினக்கூலி குடும்பம், பதின்மூன்று வயதில் வீட்டு வேலைக்குப் போனாள். 1830-ஐ ஒட்டி அவள் தைத்த துணியில் பூ இல்லை, வீடு இல்லை, ஓரக் கொடி இல்லை. சிவப்புப் பட்டு நூலில் 46 வரிகள், குறுக்குத் தையலில், ஒரே மூச்சாகத் தன் கதை. எழுதத் தெரியாததால் இதில் பதிகிறேன் என்ற பொருளில் தொடங்குகிறது. வேலை பார்த்த வீட்டில் எசமானன் செய்த கொடுமையையும், உயிரை விட நினைத்ததையும், அது பாவமென்று அஞ்சியதையும் சொல்லிக்கொண்டே போய், தன் ஆன்மாவின் கதி என்னாகுமோ என்று கேட்கும் இடத்தில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. கீழே துணி வெறுமையாக இருக்கிறது. துணிகளுக்குக் குறியிடுவதற்காகக் கற்றுத்தந்த எழுத்தைத் தன் துயரைச் சொல்ல அவள் எடுத்துக்கொண்டாள். பேனா தராத சமூகத்தில் ஊசியால் எழுதிய தன்வரலாறு இது. அவள் பிழைத்தாள், பின்னாளில் அதே வட்டாரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து முதுமை வரை வாழ்ந்தாள்.

தமிழ்ப் பெண்களிடம் இந்தத் தையல் கல்வி முதலில் அழுத்தமாக வேரூன்றியது யாழ்ப்பாணத்திலும் நாஞ்சில் நாட்டிலும். 1824-இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியின் தலைவி ஹாரியட் வின்ஸ்லோ, கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் ஊரில் வளர்ந்தவர். மாதிரித் துணி தைக்காமல் பெண்கள் வளராத காலமும் இடமும் அது. எழுத்தும் தையலும் ஒரே நாள் அட்டவணையில் உடுவிலில் இடம்பெற்றன. அதே மிஷனில் மருத்துவராக இருந்த ஜான் ஸ்கடர் பின்னர் சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் 1853-இல் தொடங்கியதுதான் வேலூர், ஆற்காடு, சித்தூர் பகுதிகளில் பணியாற்றிய ஆற்காடு மிஷன். வேலூர் மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. இந்த வட்டாரத்தின் பெண்கள் விடுதிப் பள்ளிகளுக்கு ஊசிப் பாடம் வந்த வழிகளில் யாழ்ப்பாண வழியும் ஒன்று.

நாகர்கோவிலில் லண்டன் மிஷனின் மார்த்தா மால்ட் 1820-களின் தொடக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்களில் அடிமைக் குடிகளின் பிள்ளைகளும் இருந்தனர். லேஸ் விற்ற பணத்தில் சிலர் தம் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான் என்பதை நினைத்தால் அந்த நூலின் எடை புரியும். மால்ட்டின் மகள் எலிசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து அந்த வேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். அதே நாஞ்சில் நாட்டில் மிஷன் பெண்கள் வகுத்த குப்பாயம் என்ற மேல்சட்டையை ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் அணிந்ததால் 1822 முதல் கலவரங்கள் மூண்டன. 1859-இல்தான் மன்னர் ஆணை பிறந்தது. தைத்த ஒரு துணி மானத்தின் வழக்காகவே ஆன ஊர் அது.

இவ்வளவு தைத்தும் தமிழ் எழுத்தில் அகரவரிசை போட்ட மாதிரித் துணி ஏன் பரவலாக உருவாகவில்லை என்பது யோசிக்க வேண்டியது. குறுக்குத் தையல் சதுரக் கட்டத்தில் நடப்பது. ரோமன் பெரிய எழுத்துகள் ஏழெட்டுக் கட்ட உயரத்தில் அடங்கிவிடும். தமிழில் ட, ப போன்றவை கட்டத்துக்குப் பொருந்தும். இ, ஐ, ஞ, ண போன்ற சுழிகளுக்கு இருமடங்கு உயரம் வேண்டும், அல்லது குறுக்குத் தையலை விட்டுக் காம்புத் தையலுக்கு மாற வேண்டும். உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்ந்து 247 எழுத்துகளை ஒரு முழத் துணியில் யாரும் முடிக்கப்போவதில்லை. இன்னொரு காரணம் இன்னும் வலுவானது. லேஸும் பூத்தையலும் இங்கே விற்பனைக்காகச் செய்யப்பட்டன. வெளிநாட்டில் விலைபோகும் கைக்குட்டையில் பின்னியவளின் பெயருக்கு இடமில்லை. மாதிரித் துணியின் உயிரான அந்தக் கடைசி வரி இங்கே விடுபட்டுப்போனது பெரும் இழப்பு. நாகர்கோவில் லேஸ் நிறைய எஞ்சியிருக்கிறது. அதைப் பின்னிய பிள்ளைகள் யாரென்று அந்த லேஸ் சொல்லாது.

பெயரோடு நிற்கும் ஒரு வாரிசு தமிழ்நாட்டில் உண்டு: தையல் வகுப்பின் ரெக்கார்டு. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர், ஹையர் என்று இரு நிலைகள். அவற்றில் தேறி ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் பெற்றவர்கள் பள்ளிகளில் 'தையல் டீச்சர்' ஆனார்கள். அந்தப் படிப்பின் மையம், அட்டையில் சாம்பிள்கள் ஒட்டிய ஆல்பம். ஓட்டுத் தையல், எம்மிங், காஜா, ஒட்டு, சங்கிலித் தையல், லேசி டெய்சி என ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுத் துண்டில். அடியில் தையலின் பெயர். முகப்பில் மாணவியின் பெயரும் பதிவெண்ணும். டப்ளின் சிறுமிகளின் ஏட்டையும் வேலூர் தையல் பள்ளி ஆல்பத்தையும் அருகருகே வைத்தால் பாட வரிசை பெரிதும் மாறாதிருப்பதைக் காணலாம். தேர்வு முடிந்ததும் பல ஆல்பங்கள் பழைய பேப்பர்க்காரரிடம் போய்விடுகின்றன.

வீட்டுச் சுவரில் மாட்டும் வடிவமும் வந்தது. மேட்டித் துணியில் குறுக்குத் தையலாகப் போட்ட கிளிகள், 'நல்வரவு' என்ற சட்டம், தலையணை உறையில் 'குட் நைட்', 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' ஆகியவை கல்யாணச் சீர்வரிசையில் பெண்ணின் கைவேலைக்குச் சான்றாகப் போயின. நூல் பெரும்பாலும் ஆங்கர். அதை விற்கும் மதுரா கோட்ஸின் வேர், ஹார்வி சகோதரர்கள் 1885-இல் பொதிகை அடிவாரத்துப் பாபநாசம் அருவியின் விசையில் தொடங்கிய ஆலையில் இருக்கிறது.

ஆம்பூர் வட்டாரத்தில் இப்போது பரவியிருக்கும் ஆரி வேலை வகுப்புகளுக்குத் தோலோடு பழைய தொடர்பு இருக்கிறது. ஆரி என்பது நுனியில் கொக்கியுள்ள ஊசி. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்குக் கீழே நூலை வைத்து, மேலிருந்து குத்தி இழுத்தால் சங்கிலித் தையல் விழும். குஜராத்தில் இந்த வேலையின் மேதைகள் மோச்சி என்ற தோல் தொழிலாளர் சமூகத்தினர். செருப்பும் சேணமும் தைத்த கொக்கி ஊசியை மெல்லியதாக்கிப் பட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் குஜராத்தைப் பற்றிச் சொன்ன மார்கோ போலோ, பறவைகளும் விலங்குகளும் பொன், வெள்ளிக் கம்பியால் தைத்த தோல் விரிப்புகளை வியக்கிறார். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் தையல் ஐரோப்பாவில் புது நாகரிகமாகப் பரவியது. ரவிக்கைக் கழுத்தில் ஆரி போடக் கற்கும் பெண்கள் முதலில் சட்டத்தில் கட்டிய ஒரே துணியில் சங்கிலி, வாட்டர் ஃபில்லிங், லோட், மணி, ஜர்தோசி என வரிசையாகப் போட்டுப் பழகுகிறார்கள். எந்த அருங்காட்சியகமும் மாதிரித் துணி என்று ஏற்கக்கூடியது அது.

தோலில் தைப்பது வேறு ஒழுக்கம். துணியில் தவறினால் பிரித்துவிடலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை நிரந்தரம். 1970-கள் வரை இந்த வட்டாரம் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்தது. 1973-இல் அரசு கொண்டுவந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு முடித்த தோலுக்கும் ஷூ அப்பருக்கும் ஷூவுக்கும் தொழில் நகர்ந்தது. தொட்டி வேலையில் ஆண்கள் மிகுந்திருந்தார்கள். அப்பர் தைக்கும் கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் அமர்ந்தார்கள். புதிதாகச் சேர்பவருக்கு முதலில் நூலில்லாத ஊசி, கோடு போட்ட தாள். நேர்கோடு, வளைவு, மூலை, இணைகோடு எனத் தாளில் ஓட்டைகள் ஒழுங்காக விழுந்த பின்பே தோல் துண்டு கைக்கு வரும். பழைய மாதிரித் துணிகளின் அதே படிமுறை இது.

தொழிற்சாலையின் சாம்பிள் ரூமில் தேர்ந்த கைகள் மட்டுமே வேலை செய்கின்றன. வாங்குபவர் ஒப்புதல் தந்த சாம்பிளே பின்வரும் ஆயிரக்கணக்கான ஜோடிகளுக்கு அளவுகோல். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் அதில் தீர்மானமாகிவிடும். மொக்காசின் வகை ஷூக்களின் முன்பக்கச் சுருக்கம் இன்றும் கையால் தைக்கப்படுவது. முன்பே துளையிட்ட இரண்டு துண்டுகளைத் தடித்த நூலால் இறுக்கி இழுத்துச் சேர்க்க வேண்டும். இந்த வேலை ஆம்பூரைச் சுற்றிய ஊர்களில் வீட்டுத் திண்ணைக்கே வருகிறது. பெண்கள் ஜோடிக் கணக்கில் கூலி பெறுகிறார்கள். கூலியின் குறைவையும், தொழிலாளர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லாததையும் ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. ஷூவில் பிராண்டின் பெயர் உண்டு, தைத்தவரின் பெயர் கிடையாது. எட்டு வயது மார்த்தா எட்லினுக்குத் தன் வேலையில் கையெழுத்திடக் கிடைத்த உரிமை இவர்களுக்கும் ஏதோ ஒரு வடிவில் கிடைக்க வேண்டும்.

மறந்துபோன தையலை மீட்கவும் மாதிரித் துணி பயன்படும். தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. உடை மாறியபின் தைக்கக் காரணம் இல்லை. ஒரு சில மூத்த பெண்களுக்கு மட்டுமே பழைய தையல்கள் நினைவில் இருந்தன. அங்கு மருத்துவப் பணி செய்துவந்த குழுவினரின் ஊக்கத்தில், 2000-களின் நடுவிலிருந்து அந்தப் பெண்களும் இளையவர்களும் சேர்ந்து பழைய துணிகளைப் பார்த்துத் தையல்களை ஒவ்வொன்றாக மீட்டார்கள். லம்பாடி மொழியில் பெருமை என்று பொருள்படும் 'போர்கை' என்பது அவர்கள் சங்கத்தின் பெயர். கட்ச் பகுதியில் 1969-இல் சந்தா ஷ்ராஃப் தொடங்கிய ஸ்ருஜன் இதை இன்னும் பெரிய அளவில் செய்தது. ஒவ்வொரு சமூகத்தின் தையல்களையும் அந்தச் சமூகத்துக் கைகளாலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய துணிகளில் தைக்கவைத்து, வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். 2016-இல் திறந்த அவர்களுடைய அருங்காட்சியகத்தில் அவை இப்போது உள்ளன.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வீடுகளில் பாட்டியின் தலையணை உறையோ, அத்தையின் தையல் ஆல்பமோ இருந்தால் அவற்றைக் காப்பது கடினமில்லை. தோய்க்கக் கூடாது, பழைய சிவப்பும் கறுப்பும் கசியும், நைந்த இழை தண்ணீரில் அறும். தண்ணீரைவிட வெளிச்சம் பெரிய பகை: அருங்காட்சியகங்கள் பழைய துணிக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியே அனுமதிக்கின்றன, வீட்டில் வெயில் விழும் சுவரிலிருந்து இறக்கிவிட்டாலே ஆயுள் கூடும். மடித்தால் மடிப்பில் இற்றுப்போகும் என்பதால், தோய்த்துக் கஞ்சி போக்கிய காடாத் துணி சுற்றிய குழாயில் பூத்தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிப் பூசணம் பிடிக்கவைக்கும். ஆல்பத்தில் துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள் இருந்தால் எடுத்துவிட்டு, கெட்டுப்போன பசையை மட்டும் தொடாமல் விடுவது நல்லது. துணியின் பின்புறத்தைப் புகைப்படம் எடுத்து வைக்க வேண்டும். வெயில் படாத அந்தப் பக்கத்தில்தான் நூலின் அசல் நிறமும், எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிச்சிட்டாள் என்ற வரிசையும் தெரியும். கூடவே ஒரு காகிதத்தில் தைத்தவரின் பெயர், ஊர், எந்தப் பள்ளி, ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதைப் பென்சிலால் எழுதித் தனி உறையில் அதனுடன் சேர்த்து வைக்க வேண்டும்.